அங்குலம் ஒரு டப்பா, மில்லிமீட்டர் ஒரு டப்பா

புதுச்சேரி டவுன்ல நான் பார்த்த பழைய கார் பட்டறை எல்லாத்திலயும் ஸ்பேனர் ரெண்டு டப்பாவுல இருக்கும். ஒரு டப்பாவுல 8, 10, 12, 13, 14, 17, 19 என்று முழு எண் போட்ட ஸ்பேனர். இன்னொண்ணுல 7/16, 1/2, 9/16, 3/4 என்று பின்னம் போட்ட ஸ்பேனர். முதல் டப்பா கைபட்டுக் கைபட்டுப் பளபளன்னு இருக்கும். ரெண்டாவது டப்பா கிரீஸும் தூசியும் சேர்ந்து கருத்துப்போய் பெஞ்சுக்கு அடியில கிடக்கும்.

நாங்க பாகூர் பக்கம் விவசாயம் பண்றவங்க. வண்டி வேலைன்னா உப்பளத்துல ஒரு பட்டறைக்குத்தான் போறது. அங்கேயும் இந்த ரெண்டு டப்பா உண்டு. பட்டறைப் பெரியவரோட பசங்க, அந்த ரெண்டாவது டப்பாவை எடைக்குப் போட்டுடலாம்னு கொஞ்ச நாளா சொல்லிக்கிட்டு இருக்காங்க. "இப்ப எந்த வண்டிப்பா அங்குலத்துல வருது?" என்பது அவங்க கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா அந்த டப்பா அங்க எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு பின்னாடியே போனா 200 வருஷக் கதை வருது. அதுல நம்ம ஊர்க் கதையும் கலந்து கிடக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதப்போறேன்.

ஒரு போல்ட்டுக்கு ஒரே நட்டு

மரை என்பது இன்னிக்கு நமக்குச் சாதாரண விஷயம். கடையில போய் "இந்த போல்ட்டுக்கு ஒரு நட்டு குடுங்க"ன்னு கேட்டா எடுத்துக் குடுத்துடுவாங்க. 1800 வாக்கில இது நடக்காத காரியம். இங்கிலாந்துல ஒரு பட்டறையில வெட்டின நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டுல ஏறாது. ஊருக்கு ஊர் மரக்கால் அளவு வேற வேறயா இருந்த மாதிரி, பட்டறைக்குப் பட்டறை மரை வேற. மெஷினைப் பிரிச்சா எந்த நட்டு எந்த போல்ட்டோடதுன்னு ஜோடி ஜோடியா அடையாளம் வச்சுத்தான் பிரிக்கணும். கலந்துபோச்சுன்னா முடிஞ்சுது கதை.

இதை மாத்தினவர் ஜோசப் விட்வொர்த். மான்செஸ்டர்ல பட்டறை வச்சிருந்தவர். லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லே என்கிற பெரிய தொழில்காரர்கிட்ட வேலை பழகினவர். விட்வொர்த் பல பட்டறைகளிலேர்ந்து திருகு ஆணிகளைச் சேகரிச்சு, எல்லாத்தையும் அளந்து, நடுவாந்திரமா ஒரு அளவைப் புடிச்சார். மரையோட சாய்வு 55 டிகிரி, இந்த கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று 1841ல ஒரு பட்டியல் போட்டுக் குடுத்தார். ரயில்வே கம்பெனிகள் அதை ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலாந்து இரும்பு போன இடமெல்லாம் விட்வொர்த் மரையும் கூடவே போச்சு.

நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1879ல விழுப்புரம்-புதுச்சேரி ரயில் ஓட ஆரம்பிச்சுது. ஸ்டேஷன் உப்பளத்துக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. ஊரு பிரெஞ்சுக்காரன் ஊரு. ஆனா ரயிலை ஓட்டினது தென்னிந்திய ரயில்வே, அது இங்கிலீஷ்காரன் கம்பெனி. 1898ல முதலியார்பேட்டையில ரோடியர் மில் வந்துச்சு. ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், நாம ஏ.எஃப்.டி.ன்னு சொல்றது அதுதான். பேர்லயே ரெண்டு நாடும் இருக்கு பாருங்க. அந்தக் காலத்துல இந்தியா முழுக்க இருந்த பஞ்சாலை மெஷின்ல பெரும்பகுதி மான்செஸ்டர் சுத்துப்பட்டுலேர்ந்து கப்பல்ல வந்ததுதான். விட்வொர்த் பட்டறை இருந்த அதே ஊரு.

மீட்டர்காரன் கணக்கு

பிரெஞ்சுக்காரன் கணக்கே தனி. புரட்சி நடந்த சூட்டோட, 1795ல மீட்டர் கணக்கைச் சட்டமாக்கினாங்க. மக்கள் உடனே ஏத்துக்கல. பழைய அளவும் புது அளவும் ஒண்ணா ஓடி, 1840லேர்ந்துதான் மீட்டர் கணக்கு மட்டும்தான்னு கட்டாயம் ஆச்சு. மரைக்கு ஒரு பொது அளவு வர இன்னும் 58 வருஷம் ஆச்சு. 1898ல சுவிட்சர்லாந்து நாட்டு சூரிச் நகரத்துல கூடி, 60 டிகிரி சாய்வு, மில்லிமீட்டர் அளவு என்று முடிவு பண்ணாங்க. நம்ம ரோடியர் மில் வந்த அதே வருஷம்.

பிரான்ஸ் கார் கம்பெனிக்கும் கைக்கருவிக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. பெஜோ கார் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் குடும்பம் 1810ல தானியம் அரைக்கிற மில்லை எஃகுப் பட்டறையா மாத்தி, ரம்பம் செய்ய ஆரம்பிச்சவங்க. காருல இருக்கிற சிங்க முத்திரை காருக்காகப் போட்டது இல்ல. சிங்கத்தோட பல்லு மாதிரி ரம்பத்துப் பல்லு உறுதியா இருக்கும்னு சொல்ல, ரம்பத்துல அடிச்ச முத்திரை அது. 1858லயே பதிவு பண்ணிட்டாங்க. காரு செஞ்சது அதுக்கு 30 வருஷம் கழிச்சுத்தான்.

ஆக பிரான்ஸ் வண்டின்னா மில்லிமீட்டர், பிரிட்டிஷ் வண்டின்னா அங்குலம். அந்த ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் நடு எல்லையில உக்கார்ந்திருந்த ஊரு நம்மளது. பாகூர்லேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா கடலூர், அது வெள்ளைக்காரன் சீமை. திரும்பி நடந்தா பிரெஞ்சு சீமை. நம்ம பத்திரத்துல எக்டேர், ஆர், சாந்தியார் என்று எழுதியிருக்கும், வாய்ல மட்டும் குழிக் கணக்கு பேசுவோம். அதே மாதிரிதான் ஸ்பேனர் டப்பாவும். ரெண்டு கணக்கும் தெரிஞ்சாத்தான் இந்த ஊர்ல பொழப்பு.

பிரெஞ்சு மரை, இங்கிலீஷ் தலை

இந்த ரெண்டு கணக்கும் ஒரே போல்ட்டுல சேர்ந்த கதை ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச கதை.

ஓட்ச்கிஸ் என்பது பிரான்ஸ் நாட்டு ஆயுதக் கம்பெனி. முதல் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துல கவென்ட்ரி நகரத்துல ஒரு தொழிற்சாலை போட்டு மெஷின்கன் செஞ்சாங்க. போர் முடிஞ்சதும் துப்பாக்கிக்கு ஆர்டர் இல்ல. மோரிஸ் காருக்கு எஞ்சின் செஞ்சு குடுக்க ஆரம்பிச்சாங்க. மெஷின் எல்லாம் பிரெஞ்சு மெஷின், அதுல மில்லிமீட்டர் மரைதான் வெட்ட முடியும். ஆனா வண்டியை வாங்குறவன் இங்கிலீஷ்காரன், அவன் கையில இருக்கிறது விட்வொர்த் ஸ்பேனர். என்ன பண்ணாங்க தெரியுமா? மரையை மில்லிமீட்டர்ல வெட்டி, போல்ட் தலையை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்துற மாதிரி செஞ்சுட்டாங்க. 1923ல மோரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கின பிறகும் பல வருஷம் இந்தப் பழக்கம் தொடர்ந்துச்சு. ஸ்பேனர் சரியாப் பொருந்தும், கழட்டிடலாம். போல்ட் தொலைஞ்சு கடையில புதுசு வாங்கினா மட்டும் உள்ள ஏறாது.

அந்த மோரிஸ் வம்சத்துல வந்ததுதான் நம்ம அம்பாசடர் காரு.

ஒத்துவராத இடத்துல பொறந்த கருவிங்க

அளவு ஒத்துவராத இந்தத் தொல்லையிலேர்ந்துதான் கெட்டிக்காரக் கருவிங்க பொறந்துச்சு. மூணு நாலு மட்டும் சொல்றேன்.

ஸ்க்ரூ ஸ்பேனர். ஒரு திருகைச் சுத்தினா வாய் அகலும், குறுகும். இன்னிக்கு நாம வச்சிருக்கிற வடிவத்துக்கு 1892ல காப்புரிமை வாங்கினவர் ஸ்வீடன் நாட்டு யோஹான் பெட்டர் யோஹான்சன். ஊர் ஊராப் போய் மெஷின் ரிப்பேர் பண்றவர், ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு ஸ்பேனர் சுமக்க முடியாமதான் யோசிச்சதாச் சொல்றாங்க. இந்த வகை ஸ்பேனரோட பேர்ல ஒரு வேடிக்கை. பிரெஞ்சுல இதுக்கு 'கிளே ஆங்லேஸ்' என்று ஒரு பேரு, 'இங்கிலீஷ் சாவி'ன்னு அர்த்தம். போலந்துக்காரங்க இதையே 'பிரெஞ்சு சாவி'ன்னு சொல்றாங்க. ஜெர்மன்காரங்க ஒரு வகைக்கு 'பிரெஞ்சுக்காரன்', இன்னொரு வகைக்கு 'இங்கிலீஷ்காரன்' என்றே பேர் வச்சிட்டாங்க. யாரு கருவின்னு யாருக்கும் நிச்சயம் இல்ல. எல்லாருக்கும் தேவை மட்டும் இருந்துச்சு.

வைஸ் கிரிப். இது ஒரு கிராமத்துக் கொல்லர் கண்டுபுடிச்சது. வில்லியம் பீட்டர்சன், டென்மார்க்லேர்ந்து அமெரிக்கா போனவர். நெப்ராஸ்கா மாநிலத்துல டிவிட் என்கிற சின்ன ஊர்ல பட்டறை வச்சிருந்தார். சுத்தி இருந்தது எல்லாம் விவசாயம்தான். ஒரு கையால இரும்பைக் கடிச்சுப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வேலை செய்யறது எவ்வளவு கஷ்டம்னு கொல்லருக்குத்தான் தெரியும். புடிச்சா தானா பூட்டிக்கிற குறடு ஒண்ணைச் செஞ்சு, 1924ல காப்புரிமை வாங்கினார். முனை மழுங்கின நட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் கடைசி வைத்தியம் இதுதான்.

சாக்கெட் செட்டு. 1920ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல ஜோசப் ஜான்சன் என்பவர், ஸ்பேனரைப் புடி வேற தலை வேறன்னு பிரிச்சு விக்க ஆரம்பிச்சார். 5 புடி, 10 தலை. மாத்தி மாத்திப் போட்டா 50 கருவிக்குச் சமம். ஸ்னாப்-ஆன் கம்பெனி அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அப்புறம் நாம தினமும் கையில புடிக்கிற சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர். அதோட வாய் நேரா இருக்காது, 15 டிகிரி சாய்ஞ்சிருக்கும். கோணலா செஞ்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க, அது கணக்கு. ஆறு பக்க நட்டை ஒரு பக்கத்திலேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் புடிக்க 60 டிகிரி சுத்த இடம் வேணும். வாய் சாய்ஞ்சிருக்கிறதால ஒரு தடவை திருப்பி, ஸ்பேனரைக் கவுத்துப் போட்டு மறுபடி புடிச்சா 30 டிகிரி இடமே போதும். எஞ்சின் இடுக்குல கை நுழையாத இடத்துல இந்த 15 டிகிரிதான் காப்பாத்தும்.

பிரெஞ்சுக்காரன் போனான், மீட்டர் வந்துச்சு

ரெண்டாம் உலகப்போர்ல இங்கிலீஷ்காரன் டாங்கிக்கு அமெரிக்கா நட்டு ஏறல. ரெண்டும் அங்குலம்தான், ஆனா இவன் மரை 55 டிகிரி, அவன் மரை 60 டிகிரி. பட்டுத் தெளிஞ்சு 1948 நவம்பர்ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணும் சேர்ந்து ஒரு பொது அங்குல மரைக்குக் கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி விட்வொர்த் ஸ்பேனர்ல போட்டிருந்த எண் நட்டோட அகலம் இல்ல, போல்ட்டோட கனம். 1/4 போட்ட விட்வொர்த் ஸ்பேனர் வாயை அளந்தா அரை அங்குலத்துக்கு மேல இருக்கும். புது ஸ்பேனர்ல போட்ட எண் நட்டோட அகலம். அதனால பழைய டப்பாவுல ரெண்டு ஸ்பேனர்ல ஒரே எண் இருந்தாலும் வாய் வேற வேறயா இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எடுக்கிறவன் ஏமாந்துபோவான்.

நம்ம ஊர்ல 1954 அக்டோபர் 18ல கீழூர்ல ஓட்டெடுப்பு நடந்து, நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. இந்திய சர்க்கார் 1956ல எடை அளவுச் சட்டம் போட்டு, 1958 அக்டோபர் 1லேர்ந்து மீட்டர், கிலோவைக் கொண்டாந்துச்சு. 1962 ஏப்ரல் 1லேர்ந்து பழைய அளவு கூடாதுன்னு ஆச்சு. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைச்சது அதே 1962, ஆகஸ்ட் 16. அவன் சட்டப்படி போன வருஷமும், அவன் நாட்டு மீட்டர் இந்தியா முழுக்கச் சட்டப்படி கட்டாயம் ஆன வருஷமும் ஒண்ணு. யாரும் திட்டம் போட்டுச் செய்யல, அப்படி அமைஞ்சுபோச்சு.

ஆனா சட்டம் மாறின அன்னிக்கே நட்டு மாறல. 1957லேர்ந்து வந்த அம்பாசடர் அங்குல நட்டோடதான் ஓடிச்சு. பம்பாய்ல செஞ்ச ஃபியட், பின்னாடி பத்மினின்னு பேர் வாங்கினது, இத்தாலி வண்டிங்கிறதால மில்லிமீட்டர். டாக்சி ஸ்டாண்டுல பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு வண்டிக்கு ரெண்டு டப்பா ஸ்பேனர். 1983 டிசம்பர்ல மாருதி வந்தப்புறம்தான் தராசு முழுசா மில்லிமீட்டர் பக்கம் சாய்ஞ்சுது.

அந்தக் கால அம்பாசடர்காரங்க பாதி மெக்கானிக்காவே இருந்தாங்க. வண்டியோட ஒரு துணிச் சுருட்டுல ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், திருப்புளி இருக்கும். எஞ்சின் பிடிக்கலன்னா முன்னாடி கைப்புடி போட்டுச் சுத்துவாங்க. டேப்பெட் இடைவெளி ஆயிரத்துல 15 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். பாயிண்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான். ஃபீலர் கேஜ் இல்லாதவன் சவர பிளேடு 4 சேர்த்துப் பாயிண்ட் இடைவெளி வைப்பான். பிளேடு ஒண்ணு 0.1 மில்லிமீட்டர், நாலு சேர்ந்தா 0.4. உப்பளத்துப் பெரியவர் இதைச் சொன்னப்ப, "ஐயா, இது அங்குலக் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா?"ன்னு கேட்டேன். "தம்பி, இது பிளேடு கணக்கு"ன்னார்.

எடைக்குப் போடலாமா?

இப்ப அந்தப் பசங்க கேள்விக்கு வருவோம். டவுன்ல அங்குல வண்டி குறைஞ்சுபோச்சு, உண்மைதான். கிராமத்துல குறையல. கொட்டாயில நிக்கிற பழைய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டரைப் போய்ப் பாருங்க. எல்லாம் அங்குல நட்டு. அந்த வம்சத்து மூத்தவர் ஹாரி பெர்குசன், 1946லேர்ந்து கவென்ட்ரியில வந்த தன்னோட டிராக்டருக்கு ஒரு ஸ்பேனர் குடுத்தார். டிராக்டர், கலப்பையில விவசாயி அடிக்கடி திருப்புற நட்டெல்லாம் அந்த ஒரே ஸ்பேனரோட ரெண்டு வாயில அடங்கிடும். புடியில அங்குலக் கோடு போட்டிருக்கும், சால் ஆழம் அளக்கிறதுக்கு. விவசாயி கையில டேப் இருக்காதுன்னு தெரிஞ்சு செஞ்ச மனுஷன்.

அங்குல நட்டுல மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டா என்ன ஆகும்? அளவைப் பாருங்க. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் உள்ள போயிடும், 0.3 மில்லிமீட்டர் லூசு. புது நட்டுல தாங்கும். துரு புடிச்ச நட்டுல அழுத்தினா முனை மழுங்கிடும். 9/16 என்பது 14.3, அதுல 14 ஏறாது, 15 ஆடும். 11/16 என்பது 17.5, 17 ஏறாது, 18 ஆடும். ஒத்துவர்றதும் சிலது இருக்கு. 3/4 என்பது 19.05, அதுக்கு 19 ஸ்பேனரைத் தாராளமாப் போடலாம். 5/16க்கு 8, 5/8க்கு 16, 15/16க்கு 24 போட்டாலும் சமாளிக்கும். மத்ததுல விளையாட வேணாம்.

முனை மழுங்கின ஒரு நட்டு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நடவு சமயத்துல கேட்டுப் பாருங்க. வயல்ல தண்ணி கட்டி, ஆள் சொல்லி, நாத்து புடுங்கி வச்சிருக்கும்போது டிராக்டர் ஒரு நட்டுக்காக நின்னா, உளி வச்சுத் தட்டி, வெல்டிங் வச்சுக் கழட்டுறதுக்குள்ள ஒரு நாள் போயிடும். கால் கிலோ இரும்பை எடைக்குப் போட்டா வர்ற காசு ஒரு டீக்குத்தான் ஆகும். அந்த ஸ்பேனர் இல்லாம போற ஒரு நாள் நடவுக்கு எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். பசங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன்.

வீட்ல காரு வச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. தெருவுல நின்ன வண்டியெல்லாம் தண்ணியில. கரண்ட் இல்ல, பட்டறை எல்லாம் மூடிக் கிடக்கு. அந்த மாதிரி நேரத்துல சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. முதல்ல பேட்டரியோட மைனஸ் கம்பியைக் கழட்டணும். பெரும்பாலான சின்ன வண்டிக்கு அதுக்கு ஒரே ஒரு 10 ஸ்பேனர் போதும்.

ஆகவே வீட்ல வச்சிருக்க வேண்டியது இதுதான். 10, 12, 14, 17, 19 ஸ்பேனர், ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் ஓப்பன். இறுகின நட்டை ரிங் பக்கம் போட்டு அசைச்சுட்டு, ஓப்பன் பக்கம் போட்டுச் சுத்தணும். ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு வைஸ் கிரிப், பிளஸ் மைனஸ் திருப்புளி. ஸ்பேனரை உங்க பக்கமா இழுங்க. அந்தப் பக்கம் தள்ளினா, வழுக்கும்போது முட்டி பேந்துடும். ஸ்க்ரூ ஸ்பேனர்ல நகர்ற தாடை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமாத் திருப்பணும், மாத்தித் திருப்பினா வாய் விட்டுடும்.

தாத்தா காலத்து டப்பா வீட்ல இருந்தா எடுத்துத் துடைச்சு, மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, எண்ணைப் படிச்சுப் பாருங்க. பின்னம் போட்டிருந்தா தனியா ஒரு துணியில சுத்தி, 'அங்குலம்'னு எழுதி வைங்க. உங்க தெருவுல யாரோ ஒருத்தருக்கு அது தேவைப்படும்.